வெளிப்புற மாடிப்படி: உண்டு

உடுமலைப்பேட்டையில் ஆனி மாதக் காற்று கூரை ஓட்டையும் தகரத்தையும் கொடியில் கிடந்த வேட்டியையும் ஒன்றுபோலவே கிழக்கே தள்ளிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, இஞ்சினீயர் மருதாசலத்தின் வீட்டுச் சுவரை ஒட்டி இருபத்தாறு வருஷமாக நின்றிருந்த மாடிப்படி, பதினெட்டுப் படிகளோடும் பச்சைக் கைப்பிடியோடும், அடியில் வைத்திருந்த துளசித் தொட்டியை மட்டும் விட்டுவிட்டு, போய்விட்டது. அவர் மனைவி சுலோச்சனா அப்போது மேலே மோர்மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்க வந்தவர், காலை நீட்டப்போய், நீட்டாமல் நிறுத்திக்கொண்டார்.

"ஏனுங்க."

"ம்."

"நான் எப்படிங்க எறங்கறது?"

"ஏறுன மாதிரியே எறங்கு."

"ஏறுனது இப்ப இங்க இல்லீங்க."

மருதாசலம் தினசரித்தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். சுவரில் படி நின்ற இடம் மட்டும் வெயில் படாத பழைய ரோஸ் வண்ணத்தில் ஏறுவரிசையாகத் தெரிந்தது. கீழே மண் உலர்ந்து கிடந்தது. கூரை போன எறும்புகள் என்ன செய்வதென்று தெரியாமல் வட்டமடித்தன. அவர் வீடுகளை மதிப்பிடுகிறவர். ஒருவர் வீடு வாங்கவோ கட்டவோ கடன் கேட்டால், அந்த வீட்டைப் போய்ப் பார்த்து, அளந்து, அது எப்படியிருக்கிறது, என்ன பெறும் என்று வங்கிக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது அவர் தொழில். அதனால் படி போன இடத்தைப் பார்த்ததும் அவருக்கு முதலில் தோன்றியது, அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பதுதான்.

அடுத்த வீட்டுப் பெயின்டர் ரங்கான் மூங்கில் ஏணி கொண்டுவந்து சாத்தினார். சுலோச்சனா ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு முருகனைக் கூப்பிட்டு இறங்கி முடிப்பதற்குள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டிவந்தவர் சிக்கந்தர். முந்தின நாள்தான் அவர் வீட்டுக்கான அறிக்கையை மருதாசலம் வங்கிக்கு அனுப்பியிருந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க," என்றார் சிக்கந்தர், ஆட்டோவை அணைக்காமலே. "உங்க ஊட்டுப் படி எங்க ஊட்டுக்கு வந்து நிக்குதுங்க. இப்பத்தான் பாத்தோம். மூணாவது படில ஈரச் சிமெண்டுல உங்க பேரும் தேதியும் கீறியிருக்குது, அதான் வந்தேன்."

"எந்தப் பக்கம் நிக்குது?" என்றார் மருதாசலம்.

"தெக்குப் பக்கம் சார். அளவு கச்சிதமா இருக்குது."

"அப்ப மொத்தமும் அங்க போயிருச்சு," என்று சுலோச்சனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, ஆட்டோவ அணைச்சுப்போட்டு உள்ள வாங்க. காபி குடிச்சுட்டுப் போலாம்."

இதற்கெல்லாம் காரணம் புது முறை என்றுதான் பிற்பாடு ஊரில் சொன்னார்கள்.

பழைய முறையில் அறிக்கை என்பது இரண்டே பக்கம். அதில் 'வீட்டின் நிலை' என்ற இடத்தில் மருதாசலம் எல்லோருக்கும் 'நல்ல நிலை' என்று எழுதுவார். தேங்காய் மண்டிக்காரரின் மூன்றடுக்கு வீட்டுக்கும் நல்ல நிலை, சலவைக்காரர் வீட்டு ஓட்டுச் சாய்ப்புக்கும் நல்ல நிலை. உள்ள வித்தியாசத்தை மதிப்பில் காட்டிவிட்டு வார்த்தையில் யாரையும் நோகவிடாமல் பார்த்துக்கொள்வார். ஒரு வீட்டுக்காரரிடம் நேருக்கு நேர் உங்கள் வீடு சரியில்லை என்று சொல்ல அவர் வாய் எழாது. கல்யாண வீட்டில்கூடப் பந்தியின் கடைசி இலைக்குப் போய் உட்காருகிற சுபாவம்.

சித்திரையில் வங்கிகள் கொண்டுவந்த புது முறையோ அந்த இரண்டு பக்கத்தை இருபது பக்கம் ஆக்கியது. தரம் வேறு, நிலை வேறு என்றது. உள்ளே வேறு, வெளியே வேறு என்றது. ஒவ்வோர் அறைக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு படம், விரிசல் இருந்தால் விரிசலுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து இன்னொரு படம். 'நல்ல நிலை' என்று தட்டினால் கணினி வாங்கிக்கொள்ளாது. அந்தக் கட்டம் சிவந்துபோய் அப்படியே நிற்கும். எல்லாவற்றுக்கும் கடைசியில் 'எஞ்சிய ஆயுள்' என்று ஒரு கட்டம். அந்த வீடு இன்னும் எத்தனை வருஷம் நிற்கும் என்று அதில் எழுத வேண்டும். அதை எழுதாமல் 'சமர்ப்பி' என்ற பொத்தான் கண்ணையே திறக்காது.

இதைச் சொல்லிக்கொடுக்கக் கோயமுத்தூரில் ஓர் ஓட்டல் ஹாலில் வகுப்பு வைத்தார்கள். மதியம் சாப்பாடு நன்றாக இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த ஆறுச்சாமி, இவரைப்போலவே மதிப்பீட்டாளர், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணா, இத்தன கேள்வி பொண்ணு பாக்கப் போறப்பக்கூடக் கேக்க மாட்டாங்கண்ணா," என்று காதில் சொன்னார். வகுப்பெடுத்தவர், பழகிக்கொள்வதற்கு முதலில் அவரவர் சொந்த வீட்டைப் போட்டுப் பாருங்கள் என்றார்.

மருதாசலம் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். சுலோச்சனாவை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் விடாமல் அளந்தார். கையிலிருந்த சாவியால் சுவர் முழுக்கத் தட்டிப் பார்த்தார். நல்ல சுவர் 'டக்' என்னும். உள்ளே உப்பேறிப் பூச்சு விட்ட சுவர் 'பொத்' என்னும். அவர் வீடு எங்கே தட்டினாலும் 'டக்' என்றது, அவரே நின்று கட்டிய வீடு. கடைசிக் கட்டத்தில் நாற்பது என்று எழுதினார்.

"நமக்குங்களா, ஊட்டுக்குங்களா?" என்று சுலோச்சனா எட்டிப் பார்த்தார்.

"ஊட்டுக்கு."

"அதானே பாத்தேன்."

அந்த அறிக்கையைத்தான் அவர் 'மாதிரி' என்று பெயரிட்டு வைத்துக்கொண்டார். டைப் மெஷின் காலத்திலிருந்தே அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். புது வீடு ஒன்று வந்தால் வெற்றுத்தாளில் ஆரம்பிப்பதில்லை. கையிலிருக்கும் மாதிரியைப் பிரதியெடுத்து, பேரை மாற்றி, கதவு எண்ணை மாற்றி, அளவுகளை மாற்றி, அந்த வீட்டில் இல்லாததை அடித்துவிட்டு அனுப்புவார்கள். இருபது பக்கத்தில் இல்லாதது எது என்று தேடி அடிப்பது அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. ஒன்றிரண்டு கல் தங்கிவிடும். பழைய முறையில் தங்கினால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். புது முறையில் வீடே கண்டுகொண்டது.

சிக்கந்தர் வீட்டு அறிக்கைதான் புது முறையில் அவர் அனுப்பிய முதல் அறிக்கை. தட்டிக்கொண்டிருக்கும்போது கரண்டு போய், கணினிக்கு அடியிலிருந்த பேட்டரிப் பெட்டி கீ கீ என்று கத்த, அது சாவதற்குள் அனுப்பிவிட வேண்டுமென்று 'சமர்ப்பி'யை அழுத்தினார். எட்டாம் பக்கத்தில் 'வெளிப்புற மாடிப்படி: உண்டு' என்பது அப்படியே தங்கிவிட்டது.

படி வந்த செய்தியை ஊர் இரண்டே நாளில் செரித்துக்கொண்டது. சிக்கந்தரின் பக்கத்து வீட்டம்மா முதல்படிக்கு மஞ்சள் தெளித்துக் குங்குமம் வைத்தார். எதிர்வீட்டு ஹாஜியார் பிஸ்மி சொல்லி வலதுகாலை வைத்து ஏறி, மேலே போய்ச் சுற்றிலும் பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியைக் கிழக்கே தள்ளி வைக்கலாம் என்று சொல்லி இறங்கினார். நகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து, படி இங்கே வந்ததால் இங்கே வரி ஏறும் என்றும், அங்கே போனதால் அங்கே குறையாது என்றும் விளக்கினார். அது எல்லோருக்கும் உடனே புரிந்தது. டீக்கடையில் இரண்டு கட்சி ஏற்பட்டது. படி நடந்து போயிருக்கும் என்று ஒரு கட்சி. படி எப்படி நடக்கும், ஏறித்தான் போயிருக்கும் என்று இன்னொரு கட்சி.

பிறகு ஆட்கள் மருதாசலத்தின் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் தெருவைப் பார்த்த மாதிரி ஒரு பால்கனி மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்.

"அது எங்க ஊட்டுல இருந்துதாங்க போகோணும்," என்றார் மருதாசலம், தரையைப் பார்த்தபடி. "எங்களுக்குப் பால்கனி இல்லீங்க."

"அப்ப ஒரு பூஜை ரூமு?"

"அது இருக்குதுங்க. ஆனா அதுக்குள்ள சாமி இருக்குது."

இன்னொருவர் ஆடி அசைந்து வந்து நேர்மாறாகக் கேட்டார். அவர் வீட்டில் வடகிழக்கு மூலையில் கக்கூஸ் இருப்பது வாஸ்துப்படி ஆகாது, இடித்தால் செலவு, இஞ்சினீயர் பார்த்து அதை வேறு யார் வீட்டுக்காவது எழுதிவிட வேண்டும், யாருக்கு என்றாலும் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் தன் சகலைக்கு என்றால் சந்தோஷம். சுலோச்சனாதான் உள்ளேயிருந்து வந்து, இவருக்குப் பல்வலி, பேச முடியாது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.

சிக்கந்தருக்கு இந்த வேடிக்கை எதிலும் மனம் ஒட்டவில்லை. அவர் அந்த வீட்டில் இருபது வருஷமாக வாடகைக்கு இருக்கிறார். சொந்தக்காரர் திருப்பூரில் இருப்பவர், வீட்டை விற்கப்போகிறேன், நீ வாங்குவதானால் ஆடி முடிவதற்குள் வாங்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன், காலி செய்துகொள் என்று சொல்லியிருந்தார். அதற்குத்தான் வங்கிக் கடன். இந்த நேரத்தில் அடுத்தவர் படி தன் வீட்டில் நின்றால் வங்கி என்ன நினைக்கும் என்று தினம் வந்து மருதாசலத்திடம் நின்றார்.

"படிய எடுத்துக்குங்க சார். நான் வேணா ஆள் வெச்சு ஒடைச்சுக் கொண்டாந்து தரட்டுங்களா?"

"ஒடைச்சாப் படி ஆகாது சிக்கந்தர். நான் பேங்க்ல கேட்டுட்டு வரேன், இருங்க."

கிளை மேலாளர் ஜெசிந்தா நாகர்கோயில்காரர். நடந்ததை மருதாசலம் ஆரம்பத்திலிருந்து ஒன்றுவிடாமல் சொல்ல, அவர் ஒரு கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"சார், அறிக்கையில படி இருக்குன்னு எழுதியிருக்கியளா?"

"இருக்குதுங்க மேடம்."

"வீட்டுல படி இருக்கா?"

"இருக்குதுங்க."

"பின்ன என்ன சார்? எனக்கு ரெண்டும் ஒத்துப்போனா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். ஒத்துப்போவாத அறிக்கைய வச்சிட்டுத்தான் நான் ராத்திரி உறங்காம கெடக்கேன்."

இருந்தாலும் விதியை எடுத்துச் சொன்னார். அனுப்பிய அறிக்கையை ஏழு நாளைக்குள் ஒரேயொரு முறை திரும்பப் பெறலாம். ஒரு வரியை மட்டும் திருத்த முடியாது, முழுதும் ரத்தாகும். மறுபடி போய்ப் பார்த்து, மறுபடி படமெடுத்து, புதிதாக எழுத வேண்டும். ரத்து செய்தால் படி தானாக வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன் என்றார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு போர்ட்டிகோ அப்படித்தான் திரும்பி வந்ததாம்.

மருதாசலம் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். நாளைக்கே ரத்து செய்துவிடலாம் என்று முடிவு செய்தார். அந்தச் சந்தோஷத்தில், கீழே விழுந்து கிடந்த முருகன் படக் காலண்டரை மாட்டுவதற்காகச் சுவரில் ஓர் ஆணியை வைத்து அடித்தார். ஆணி மாவுக்குள் கட்டைவிரல் போகிற மாதிரி உள்ளே போனது. தோசைக்கல் அகலத்துக்கு ஒரு பூச்சு பெயர்ந்து காலடியில் விழுந்தது.

அவர் சாவியை எடுத்துத் தட்டினார். பொத். நாலு அடி தள்ளித் தட்டினார். பொத். கூடத்திலும் சமையலறையிலும், கட்டிலுக்குப் பின்னாலும் தட்டினார். ஆயுளில் பாதியைச் சுவர் தட்டியே கழித்தவருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும், எத்தனை வருஷம் என்று தெரிந்துவிடும். பன்னிரண்டு.

இந்தப் பன்னிரண்டை அவர் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறார். சிக்கந்தரின் வீட்டைப் பார்க்கப் போனபோது அங்கே தட்டிக் கேட்ட சத்தம் அது. அன்றைக்கே அவருக்கு மனசு கனத்துப் போயிற்று. கடன் பதினைந்து வருஷத்துக்கு. வீட்டின் ஆயுள் கடனைவிட ஐந்து வருஷமாவது கூட இருக்க வேண்டும் என்பது புது முறை. பன்னிரண்டு என்று எழுதினால் கடன் கிடையாது. கிளம்பும்போது சிக்கந்தரின் மனைவி மைமூன் கதவோரம் நின்று, "கெடைச்சுருங்களா?" என்று கேட்டார். மருதாசலம் செருப்பை மாட்டிக்கொண்டே, "பாக்கலாங்க," என்று வந்துவிட்டார்.

கணினியைத் திறந்து அனுப்பிய அறிக்கையைப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில், எஞ்சிய ஆயுள், நாற்பது. பொறுக்காமல் விட்ட இரண்டாவது கல். அந்த நாற்பது அங்கே போன வழியிலேயே அங்கிருந்த பன்னிரண்டு இங்கே வந்திருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு சிக்கந்தரின் வீட்டுக்குப் போனார். வீட்டில் யாரும் இல்லை. தெற்குச் சுவரில் தட்டினார். டக். மேற்கில் தட்டினார். டக். தான் நின்று கட்டிய வீட்டின் குரலை அடுத்தவர் வீட்டுச் சுவரில் கேட்டபடி, தன் படியின் மூன்றாவது படியிலேயே, தன் பேரின் மேலேயே, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

சுலோச்சனாவிடம் சாப்பாட்டின்போது சொன்னார். ரத்து செய்தால் படியும் வரும், நாற்பதும் வரும், சிக்கந்தர் வீடு காலி செய்ய வேண்டியதுதான். செய்யாவிட்டால் படியும் இல்லை, வீடும் கிழவீடு.

"ரத்து பண்ணிப்போட்டு, புதுசா எழுதறப்ப அவிங்களுக்கும் நாப்பதுன்னே எழுதிவிட்டா என்னுங்க?"

"ரத்தானா அந்தச் சொவரு மறுபடி பொத்துன்னு சொல்லும். கேட்டுட்டு எப்படி நாப்பதுன்னு எழுதறது? மொத வாட்டி எழுதுனது தவறுதல். ரெண்டாவது வாட்டி எழுதுனா அது பொய்யி."

"இப்ப இருக்கற அறிக்கை பொய்யில்லீங்களா?"

மருதாசலம் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "இல்ல. போய்த் தட்டிப் பாத்துட்டேன். அது நாப்பது வருச ஊடுதான்."

"அவிங்களுக்குத் தெரியுமா?"

"படிய மட்டுந்தான் தெரியும். எடுத்துக்குங்க எடுத்துக்குங்கன்னு உசுர வாங்கறான் அந்த மனுசன்."

சுலோச்சனாவுக்குத் தூக்கம் வந்தது போலத் தெரிந்தாலும் வரவில்லை. அந்த மொட்டைமாடி அவருடையது. வத்தலும் வடகமும் மோர்மிளகாயும் அங்கேதான். சாயங்காலக் காற்றும் அங்கேதான். இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி இறங்கிய படி. மூட்டுவலி டாக்டர் ஏறாதே என்று சொன்னபோது டாக்டரை மாற்றினாரே தவிர மாடியை விடவில்லை. தன் படியை யார் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மறுநாள் கிளம்பினார்.

மைமூன் வீட்டுக்குள் இல்லை. "மேல வாங்கக்கா," என்று குரல் வந்தது.

சுலோச்சனா ஏறினார். கைப்பிடி கையை அடையாளம் கண்டுகொண்டது போல இருந்தது. ஏழாவது படியின் ஓரம் உடைந்திருந்த இடத்தில் கால் தானாக விலகிக்கொண்டது. மேலே மைமூன் தெற்கே பார்த்து நின்றிருந்தார், முக்காடு காற்றில் நிற்காமல் பறந்தது, அவர் பிடிக்கவும் இல்லை.

"அக்கா, இங்க பாருங்க. மல தெரியுதுக்கா."

"திருமூர்த்தி மல. எங்கூட்டுல இருந்தும் தெரியும்."

"இருவது வருசமா இந்த ஊட்டுல இருக்கோம். இதுக்கு மேல ஒரு மாடி இருக்குதுன்னு தெரியும், ஏறுனதே இல்லக்கா. இங்கிருந்து மல தெரியும்னு எனக்கு யாருமே சொல்லல." மைமூன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாளைக்குப் படிய எடுத்துருவாங்கன்னு அவரு சொன்னாரு. அதான், இன்னைக்கு அடுப்பே பத்த வெக்காம இங்கயே நிக்கறேன்."

சுலோச்சனா மாடியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கைப்பிடிச் சுவர் உயரம் சரியாக இருந்தது. பக்கத்தில் மரம் இல்லை, காக்கைத் தொல்லை இருக்காது. வெயில் மூலைமுடுக்கெல்லாம் விழுந்தது.

"எங்க மாடிய விட இது வெசயாக் காயும் போலிருக்குது," என்றார்.

"என்னதுக்கா?"

"மோர்மொளகா. ஏம்மா மைமூன், நான் நாளைக்கு ஒரு தட்டு மொளகா கொண்டாந்து இங்க காய வெச்சா உனக்கு ஏதாச்சும் எடைஞ்சலா?"

"உங்க படிதானுங்கக்கா."

"படி உங்களுது. மொளகாதான் என்னுது."

வீட்டுக்கு வந்து மருதாசலத்திடம், கதவைச் சாத்தும் முன்னே, செருப்பைக் கழற்றும் முன்னே, கேட்டார். "ஏனுங்க, உங்களுக்கு என்ன வயசு?"

"அறுவத்தஞ்சு."

"எனக்கு அம்பத்தொம்பது. நமக்குப் பன்னண்டு பத்தாதுங்களா?"

"எனக்குப் பத்தும். உனக்குப் பத்தாது."

"பத்தலீன்னா அப்பப் பாத்துக்கலாம். போச்சாது, விடுங்க."

ஏழாவது நாள் வந்தது. மருதாசலம் கணினியைத் திறந்துவைத்து, 'திரும்பப் பெறு' என்ற பொத்தானைப் பார்த்தபடி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். சிக்கந்தர் ஃபோன் செய்து, "சார், படி இன்னும் இங்கியே நிக்குதுங்க," என்று கவலைப்பட்டார். "நிக்கட்டுங்க," என்றார் மருதாசலம். அவர் ஆயுளில் ஒரு வீட்டுக்காரருக்கு முகத்தைப் பார்த்தோ பாராமலோ நேராகச் சொன்ன முதல் பதில் அது. சாயங்காலம் ஐந்தரைக்கு அந்தப் பொத்தான் மங்கிச் சாம்பல் நிறமாகிப் போயிற்று. அவர் எழுந்து போய் முகம் கழுவினார்.

ஆடிப் பதினெட்டுக்கு நாலு நாள் கழித்து வீடு சிக்கந்தரின் பெயருக்குப் பதிவானது. மைமூன் பிரியாணி கொடுத்தனுப்பினார். சைவக்காரர்களுக்காகக் காளான் போட்டது. சுலோச்சனா தினம் காலையில் ஒரு தட்டோடு அந்தப் பக்கம் போய்வந்தார். பச்சைக் கைப்பிடி வீட்டு மாடியில் மிளகாய் நன்றாகக் காய்கிறது என்று கேள்விப்பட்டு அந்தத் தெருவில் இன்னும் இரண்டு பேர் வடகத்தோடு வந்தார்கள், மைமூன் யார் எந்த மூலை என்று கரித்துண்டால் கோடு போட்டுக் கொடுத்தார். ஊருக்கு அந்தப் படி எப்போதுமே அங்கேதான் இருந்தது போல ஆகிவிட்டது.

இந்தப் பக்கம் மருதாசலத்தின் வீடு கிழத்தனத்தைப் பழகிக்கொண்டது. மழை பெய்தால் கூடத்தில் ஒரு மூலை வேர்த்தது. பூச்சு அவ்வப்போது, விருந்தாளிகள் இருக்கும் நேரமாகப் பார்த்து, விழுந்தது. மராமத்துக்கு ஒரு கடன் வாங்கலாம் என்றார் ஜெசிந்தா. ஆனால் சொந்த வீட்டை அவரே மதிப்பிட முடியாது, வெளியூர் ஆள்தான் வர வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து ஆறுச்சாமி வந்தார்.

ஆறுச்சாமி டேப்பைப் பிடித்து, படமெடுத்து, சாவியை எடுத்துத் தட்டினார். பொத். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் தன் முகமும் இப்படித்தான் போயிருக்கும்.

"அண்ணா, எழுதறப்பக் கொஞ்சம் பாத்து..."

"உள்ளத உள்ளபடி எழுது ஆறுச்சாமி. பன்னண்டு."

"ஒரு பதினஞ்சுன்னு போடச் சொல்லுங்க," என்று காபியோடு வந்த சுலோச்சனா சொன்னார்.

"பன்னண்டு," என்றார் மருதாசலம்.

"சரி போங்க. அளவு பாத்தே தாலி கட்டுன மனுசனாச்சே நீங்க."

இரண்டு நாள் கழித்துக் காலையில் சுலோச்சனா துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். சுவரோரம் ஓர் இரும்புப் படி நின்றது, சுருண்டு சுருண்டு மேலே போகிற வகை, நீல வண்ணம், ஒவ்வொரு படியிலும் பூ வெட்டியது. துளசித் தொட்டியை இடிக்காமல் ஒதுங்கி நின்றது. அவர் ஆச்சரியப்படவில்லை. உள்ளே போய் ஒரு தட்டு மிளகாயை எடுத்துக்கொண்டு வந்து ஏறினார். அப்போதுதான் மருதாசலத்தின் ஃபோன் அடித்தது.

"அண்ணா, ஆறுச்சாமி பேசறேன். உங்க பக்கம் நீலத்துல ஒரு படி..."

"வந்திருக்குது."

"என்னோட மாதிரி அறிக்கைல இருந்ததுண்ணா, அடிக்க மறந்துட்டேன். எங்கூட்டுக்காரி மேல நிக்கறா. திட்டறது உங்களுக்குக் கேக்குதுங்களா?"

"ஆறுச்சாமி, படிய விடு." மருதாசலத்தின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "மொதல்ல ஒரு சாவி எடுத்துச் சொவத்தத் தட்டு."

"எந்தச் சொவத்தண்ணா?"

"எதையாச்சும். ஃபோன சொவத்துகிட்ட வெச்சுத் தட்டு."

ஆறுச்சாமி சாவி தேடிப் போனார். பொள்ளாச்சிக் காற்று மட்டும் ஃபோனில் உஸ்ஸென்று அடித்தது. மருதாசலம் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டார். ஆறுச்சாமியும் கடைசிக் கல்லைப் பொறுக்காமல் விட்டிருந்தால் இந்த வீடு இந்நேரம் இளமையாக நிற்கும். தன் சட்டைப் பையிலும் சாவி இருக்கிறது, கை நீட்டினால் சுவர். அவர் நீட்டவில்லை.

டக், என்றது ஃபோன். டக். டக்.

மருதாசலம் மூச்சை விட்டார். நாற்பதோ ஐம்பதோ, ஆறுச்சாமியின் வருஷங்கள் ஆறுச்சாமியிடமே இருந்தன. இங்கே பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருந்தது. சரியாக இருந்தது.

"நல்லா இருக்குது ஆறுச்சாமி. படி மட்டுந்தான் வந்திருக்குது. ஏழு நாளைக்குள்ள ரத்து பண்ணிப்போட்டு, மறுபடி வந்து பாத்து எழுது. படி வந்து சேந்துரும். இப்பப் பக்கத்து ஊட்டுல ஏணி இருக்குதான்னு பாரு."

மேலேயிருந்து சுலோச்சனா குனிந்து கூப்பிட்டார். "ஏனுங்க, அந்தம்மா கோச்சுக்குவாங்களா?"

"யாரு?"

"ஆறுச்சாமி சம்சாரம். ரத்து பண்றத ஒரு மூணு நாள் தள்ளிப்போடச் சொல்லுங்க. மொளகா காஞ்சிரும். அதுவரைக்கும் அவிங்க எதுல ஏறுவாங்கன்னு கேட்டீங்கன்னா, ரங்கானோட ஏணிய பொள்ளாச்சி பஸ்ஸுல போட்டு உடறேன்னு சொல்லுங்க."